நீலத்துக்கு அடியில்

அத்தியாயம் 3

"அடிக்காதீங்க! என் தம்பி அப்படிச் செய்ய மாட்டான்!"

கத்தியவள் காணாமல் போன குழந்தையின் தாய். அடி வாங்கிக்கொண்டிருந்தவன் அவளுடைய தம்பி. அடித்துக்கொண்டிருந்தவன் அவளுடைய கணவன். சாயப்பட்டறை முற்றத்தில் கால் வைத்த கணத்திலேயே குச்சிக்கு அந்த வீட்டு உறவுமுறை புரிந்துவிட்டது. யாரும் அறிமுகம் செய்துவைக்கத் தேவைப்படவில்லை.

குச்சி என்பது அவனுடைய பெயரல்ல, உடம்பு. பலத்த காற்று வீசினால் பக்கத்தில் நிற்பவர் கையைப் பிடித்துக்கொள்கிற ரகம். வாய் மட்டும் இரண்டு ஆளுக்குக் காணும். அந்த வாயையே இன்று அவன் வழியெல்லாம் மூடிக்கொண்டு வந்தான். புறப்படும்போது கண்ணாடியம்மா சொன்னது மனதில் ஓடிக்கொண்டே இருந்தது: "நாலு வயசுப் பையனைக் காணோமாம். ஆஸ்துமாக் குழந்தை. சீக்கிரம் வண்டியை எடு."

கண்ணாடியம்மா ஐம்பதைத் தாண்டிய துப்பறிவாளர்; குச்சி அவருடைய உதவியாளன், வண்டி ஓட்டுபவனும் அவனே. மூக்குக் கண்ணாடியை எப்போதும் நெற்றியில் ஏற்றி வைத்திருப்பார். அது மூக்குக்கு இறங்கினால் எதிரில் இருப்பவருக்குக் கெட்ட நேரம் என்று அர்த்தம். இப்போது நெற்றியில்தான் இருந்தது.

"கையைக் கீழே போடுங்க," என்றார் தகப்பனிடம். குரல் கொஞ்சமும் உயரவில்லை. "நீங்க அடிச்சு அவர் மயங்கி விழுந்துட்டா, பையன் எங்கேன்னு யார்கிட்ட கேட்பீங்க?"

தகப்பன் மூச்சிரைத்தபடி ஒதுங்கினான். கீழே கிடந்த இளைஞன் எழுந்து உட்கார்ந்தான். உதடு கிழிந்திருந்தது. ரத்தத்தைத் துடைக்கக் கையைத் தூக்கியபோது குச்சி ஒரு கணம் பதறிவிட்டான். இரண்டு கையும் மணிக்கட்டு வரைக்கும் கண்ணைப் பறிக்கும் மெஜந்தா நிறம்.

"பார்த்தீங்கல்ல அந்தக் கையை?" தகப்பன் விரலை நீட்டினான். "பின்கதவுத் தாழ்ப்பாள்ல அதே கலர் ஒட்டியிருக்கு. இன்னிக்கு இந்தப் பட்டறையில மெஜந்தா போட்டது இவன் ஒருத்தன்தான். நேத்து சாப்பாட்டு மேஜையில, நான் இருக்கிறவரைக்கும் உருண்டையை விமானம் ஏற விடமாட்டேன்னு கத்தினவனும் இவன்தான். இன்னும் என்ன வேணும்?"

"கோவத்துல சொன்னேன் மாமா," என்றான் இளைஞன். "அவனை ஒளிச்சு வெச்சு நான் என்ன பண்ணப் போறேன்? நூல் வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். வந்து பார்த்தா என் கழுத்தைப் பிடிக்கிறீங்க."

உருண்டை என்பது காணாமல் போன குழந்தை. கன்னத்தைப் பார்த்து வைத்த செல்லப்பெயர். மதியம் சாப்பிட்டுவிட்டு முன்னறையில் தூங்கியிருக்கிறான். தாய் மாடியில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது; நாளைக்கு அவளும் மகனும் விமானம் ஏறுவதாகவும், பட்டறைக் காரியங்களை ஒழுங்கு செய்துவிட்டுக் கணவன் பிறகு போய்ச் சேர்வதாகவும் ஏற்பாடு. அவள் இறங்கி வந்து பார்த்தபோது படுக்கை காலி. அலமாரியில் இருந்த இன்ஹேலரும் இல்லை, அவன் கட்டிக்கொண்டு தூங்கும் துணி யானையும் இல்லை.

"இன்ஹேலர் அவன்கூட இருக்குங்கிற ஒரே தைரியத்துலதான் மேடம் நான் நின்னுக்கிட்டிருக்கேன்," என்றாள் தாய். அவள் நிற்கவில்லை, சுவரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

"அக்கம்பக்கம்?"

"பின்சந்துல எல்லார் வீட்டுக் கதவையும் தட்டிட்டோம். தையல்காரம்மா வீடு மட்டும் பூட்டியிருக்கு. அவங்க ஊர்லயே இல்ல. போலீஸுக்குச் சொல்லியாச்சு, வந்துட்டிருக்காங்க."

"யானைப் பொம்மையையும் மருந்தையும் ஞாபகமா எடுத்துட்டுப் போற கடத்தல்காரனை நான் இப்பதான் கேள்விப்படுறேன்," என்று குச்சி முணுமுணுத்தான்.

"நல்லா சொன்னே," என்றார் கண்ணாடியம்மா. "எடுத்தவங்களுக்கு அவன் மேல கொள்ளைப் பாசம்."

படிக்கட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தகப்பனின் அக்கா, உருண்டைக்கு அத்தை. பிள்ளை இல்லாதவள். உருண்டை பிறந்த வாரத்திலிருந்து குளிப்பாட்டியது, சோறூட்டியது, இரவில் இருமினால் முதுகைத் தடவியது எல்லாம் அவள்தான். நாளைய பயணத்துக்கான அவன் பையைக்கூட அவளேதான் துணி மடித்து அடுக்கிக் கொடுத்தாளாம், ஒரு வார்த்தை பேசாமல். இப்போது அந்தப் பையை மடியில் கட்டிப் பிடித்திருந்தாள். முழங்கை வரைக்கும் அவள் கை நீலம்.

"தம்பி, அந்தப் பையனை அடிக்காதேடா," என்றாள் உலர்ந்த குரலில். "குழந்தை வந்துடுவான். எங்கேயும் போயிருக்க மாட்டான்."

கண்ணாடியம்மா அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பட்டறைக்குள் நடந்தார்.

முற்றத்துக்குப் பின்னால் இரண்டு கொட்டகைகள். இடதுபுறம் பருத்திப் பக்கம்: அத்தை, மேஸ்திரி, தகப்பன் மூவரும் வேலை பார்க்கும் இடம். வலதுபுறம் பட்டும் கம்பளியும்: அங்கே தாய்மாமன் மட்டும். பின்கதவுக்குப் போக வேண்டுமென்றால் பட்டுக் கொட்டகை வழியாகத்தான் போயாக வேண்டும். தரையில் ஒரு கிண்ணம் கவிழ்ந்து மெஜந்தா சிந்தியிருந்தது. தாழ்ப்பாளில் ஒரு கட்டைவிரலும் இரண்டு விரல்களும் ரோஜா இதழ் ஒட்டியதுபோல் பதிந்திருந்தன. வழுக்கி வழுக்கிப் பதிந்த அடையாளம், ரேகை எதுவும் தெளிவாக இல்லை.

"கையும் களவுமா கலரும் கதவுமா மாட்டியிருக்கான்," என்றான் குச்சி. "அந்த ஆள்தான் மேடம். கேஸ் முடிஞ்சுது. நான் வண்டியை எடுக்கட்டுமா?"

"அந்த ஆள் தினமும் இந்தத் தாழ்ப்பாளைத் திறக்கிறவர்தானே? அப்ப இதுல தினமும் ஒரு கலர் இருக்கணும். பச்சை, மஞ்சள், சிவப்புன்னு வானவில் மாதிரி. இன்னிக்கு மட்டும் ஏன் இது ஒண்ணு?"

குச்சி தாழ்ப்பாளை உற்றுப் பார்த்தான். பழைய கறை எதுவுமே இல்லை. பக்கத்திலேயே ஆணியில் ஒரு துணி தொங்கியது. அதில்தான் வானவில் இருந்தது. தாய்மாமன் துணியால் பிடித்துத் திறப்பவன்.

"எனக்கும் கண் இருக்குங்கிறதையே அடிக்கடி மறந்துடுறேன்," என்றான் குச்சி.

திரும்பி வந்ததும் கண்ணாடியம்மா கேட்ட கேள்வியில் முற்றமே திகைத்துப் போனது.

"கையில சாயம் பட்டா நீங்க எல்லாம் வீட்ல எப்படிக் கழுவுவீங்க?"

தகப்பனுக்கு ரத்தம் தலைக்கேறியது. "என் பிள்ளையைக் காணோம்னு நான் துடிச்சிட்டிருக்கேன், உங்களுக்குக் கை கழுவுற விஷயம் கேக்குதா?"

"ஆமா. சீக்கிரம் சொன்னா சீக்கிரம் பையன் கிடைப்பான்."

மேஸ்திரி தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார். பெரிய மீசைக்காரர், பதற்றத்தில் மீசையையே மென்றுகொண்டிருந்தார். "பருத்திச் சாயத்துல சலவைச் சோடா சேர்ப்போம்ங்க. கை வழவழன்னு ஆயி எரியும். எலுமிச்சம்பழத்தைத் தேய்ச்சு சுடுதண்ணியில கழுவினா எரிச்சல் அடங்கும், கலரும் கொஞ்சம் விடும். எங்க பக்கம் எல்லாருக்கும் அதான் பழக்கம். யோசிக்கவே மாட்டோம், கை தானாப் பழத்துக்குப் போயிடும்."

"உங்க பக்கம்?" என்று இளைஞனைக் கேட்டார்.

"ஐயோ, பட்டுச் சாயத்துக்கு எலுமிச்சம்பழம் ஆகவே ஆகாதுங்க. பட்டுலயும் கம்பளியிலயும் கலரைப் பிடிக்க வைக்கிறதே புளிப்பும் சூடும்தான். மனுஷத் தோலும் அப்படித்தான், புளிப்பைப் போட்டா கெட்டியாப் பிடிச்சுக்கும். நாங்க பச்சைத்தண்ணி, சோப்பு, அப்புறம் சமையல் சோடாவைக் குழைச்சுப் பூசி ஊற வைப்போம். நான் சோம்பேறி, அதுவும் செய்யறதில்ல. அதான் கை இப்படி."

"குச்சி," என்றார் கண்ணாடியம்மா, "கை கழுவுற இடத்தைப் போய்க் கிளறிட்டு வா."

"குப்பைத் தொட்டியையுமா?"

"முக்கியமா அதைத்தான்."

மூக்கைப் பிடித்துக்கொண்டு கிளறினான் குச்சி. குழாயடியில் இருந்த மின்கெட்டிலின் கைப்பிடியில் மங்கலாக ஒரு ரோஸ் தடம். தொட்டியில் டீத்தூள், கிழிந்த கையுறை, நூல் கழிவு. எல்லாவற்றுக்கும் அடியில் யாரோ வேண்டுமென்றே புதைத்ததுபோல் நாலைந்து எலுமிச்சை மூடிகள். பிழிந்து பிழிந்து தோல் கிழிந்திருந்தன. உள்பக்கம் மெஜந்தா.

குச்சி ஒரு மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மெஜந்தாவைக் கழுவ எலுமிச்சையும் சுடுதண்ணியும். பட்டுக்காரன் கனவில்கூடச் செய்யாத காரியம். செய்தது பருத்திப் பக்கத்து ஆள்; பின்கதவுக்குப் போகிற வழியில் கிண்ணத்தைத் தட்டிவிட்டுக் கை நனைந்திருக்கும். அவசரத்தில், பயத்தில், கை பழகின வழியிலேயே போய்விட்டது. கறை போகவில்லை. இன்னும் இறுகியிருக்கும்.

அப்படியென்றால் அந்தக் கை இப்போதும் மெஜந்தாவாகத்தான் இருக்க வேண்டும். பருத்திப் பக்கம் மூன்று பேர். தகப்பன் கையில் கறையே இல்லை. மேஸ்திரியின் நகத்தடியில் கொஞ்சம் பச்சை, அவ்வளவுதான். அத்தையின் கையோ நீலம். மெஜந்தாக் கை எங்கே?

ஓடி வந்து மூடிகளைக் காட்டி, கண்ணாடியம்மாவின் காதில் விஷயத்தைக் கொட்டினான். அவர் தலையாட்டினார். பிறகு மேஸ்திரி பக்கம் திரும்பி, ஏதோ ஊர்க்கதை கேட்பதுபோல் கேட்டார்: "அந்தம்மா கை எப்படி இவ்வளவு நீலமாச்சு?"

"அதை ஏங்க கேக்கறீங்க? குழந்தையைக் காணோம்னு சத்தம் கேட்டதும் நீலத் தொட்டி மேலயே சாய்ஞ்சுட்டாங்க பாவம். நல்லவேளை, கலரைப் பிடிக்க வைக்கிற சோடா இன்னும் போடல. வெறும் கலர் தண்ணிதான், கழுவினா போயிடும். இன்னும் கழுவக்கூட தோணல அவங்களுக்கு."

கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது.

குச்சிக்கு அந்த நொடியில் வாய்க்கு வந்த நகைச்சுவை எல்லாம் வற்றிப்போனது.

"போலீஸ் வந்ததும் எல்லார் கைரேகையும் எடுப்பாங்க," என்று கண்ணாடியம்மா உரக்கச் சொன்னார். "சாயக் கையில ரேகை சரியா விழாது. வீணா நேரம் போகும். அவங்க வர்றதுக்குள்ள எல்லாரும் கழுவிடலாம். மேஸ்திரி, ஒரு பேசின்ல பச்சைத்தண்ணி. சோப்பு, கொஞ்சம் சர்க்கரை. எண்ணெய் ஏதாவது இருக்கா?"

"என் கைப்பையில குழந்தைக்குப் பூசற எண்ணெய் இருக்கு," என்றாள் தாய். "மாடியில, கட்டில் மேல."

"குச்சி, ஓடு."

அவன் மாடிப்படியில் கால் வைத்தபோது பின்னால் கண்ணாடியம்மாவின் குரல் கேட்டது. "முதல்ல நீங்க வாங்கம்மா. உங்க கைதான் ரொம்ப மோசமா இருக்கு."

"எனக்கு அப்புறம் பார்த்துக்கலாம்." அது அத்தையின் குரல்.

"அப்புறம்னா தோல்ல இறங்கிடும். வாங்க."

மாடியறையில் இரண்டு பெரிய பெட்டிகள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. கட்டிலில் கைப்பை. அப்படியே கவிழ்த்தான் குச்சி. பாஸ்போர்ட், சீப்பு, ஈரத்துணி, எண்ணெய்ப் புட்டி, மருந்துக்கடை உறை ஒன்று. உறை கையில் கனத்தது. உள்ளே பார்த்தான்.

எண்ணெயையும் உறையையும் அள்ளிக்கொண்டு ஓடிய ஓட்டத்தில் படிகள் இருந்தனவா என்றே தெரியவில்லை.

கீழே அத்தையை முக்காலியில் உட்கார வைத்திருந்தார் கண்ணாடியம்மா. அவள் கை இரண்டும் அவர் கைக்குள் இருந்தன. சோப்பு நுரை நீலமாய் வழிந்தது. அத்தை கையை இழுத்துக்கொள்ளப் பார்ப்பதும் கண்ணாடியம்மா விடாமல் பிடித்திருப்பதும் பார்க்கிறவர்களுக்கு ஏதோ வளையல் போட்டுவிடுவதுபோல்தான் தெரிந்திருக்கும்.

"எண்ணெய் எங்கே?"

குச்சி எண்ணெய்ப் புட்டியைக் கொடுத்தான். மறு கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். தாயைப் பார்த்தான். எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை. ஆனால் கேட்காமல் ஒரு நொடி போவதும் பாவம்.

"அக்கா... அலமாரியில இருந்தது எந்த இன்ஹேலர்?"

"அவனோடதுதான். ஏன்?"

"அப்ப இது?"

முதுகுக்குப் பின்னாலிருந்து கையை நீட்டினான். புது இன்ஹேலர். சீல்கூட உடைக்கவில்லை.

தாய் அதை வெறித்துப் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை. "அது... காலையில வாங்கினது. பழசு தீர்ந்துபோச்சுன்னு... பயணத்துக்காக வாங்கிப் பையில போட்டேன். அலமாரியில இருக்கிறதை எடுத்துக் குப்பையில போடணும்னு நினைச்சேன். பெட்டி அடுக்குற அவசரத்துல..." குரல் உடைந்தது. "ஐயோ, அது காலி! என் பிள்ளைகிட்ட இருக்கிறது காலி இன்ஹேலர்!"

அத்தை கையை இழுப்பதை நிறுத்தினாள்.

கண்ணாடியம்மா எண்ணெயை ஊற்றினார். சர்க்கரையை அள்ளிப் போட்டார். ஒரு தாய் பிள்ளையின் கையைத் தேய்ப்பதுபோல் நிதானமாக, ஆனால் விடாமல், உள்ளங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் தேய்த்தார். பச்சைத்தண்ணியில் அமிழ்த்தி எடுத்தார்.

நீலம் போயிருந்தது. அதற்கு அடியில், கட்டைவிரலிலும் உள்ளங்கையிலும், தோலோடு தோலாக இறுகிக் கிடந்தது மெஜந்தா.

"அக்கா?" என்றான் தகப்பன். அந்த ஒரு வார்த்தையை அவன் கேள்வியாகச் சொன்னது அதுவே முதல் தடவையாக இருக்கும்.

அத்தை அவனைப் பார்க்கவில்லை. யாரையும் பார்க்கவில்லை. குச்சி கையில் இருந்த இன்ஹேலரையே பார்த்தாள்.

"காலியா?" என்றாள். "நான் குலுக்கிப் பார்க்கலையே. மருந்தை மறக்கக் கூடாது, மருந்தை மறக்கக் கூடாதுன்னுதான் முதல்ல அதை எடுத்தேன்..."

"எங்கே இருக்கான்?" கண்ணாடியம்மா அவள் கையை விடவில்லை.

"ஒரு நாள்தான். விமானம் போயிடுச்சுன்னா இன்னும் கொஞ்ச நாள் இருப்பாங்கன்னு... நாளைக்குச் சாயங்காலமே கூட்டிட்டு வந்து விட்டுடலாம்னு..."

"எங்கேம்மா இருக்கான்?"

"தையல்காரம்மா வீடு." வேலை மேலங்கியின் பையிலிருந்து ஒரு சாவியைப் பிடுங்கி எடுத்தாள். "செடிக்குத் தண்ணி ஊத்தக் கொடுத்துட்டுப் போனாங்க. ஓடுங்க! கண்ணாமூச்சின்னு சொல்லியிருக்கேன். நான் வந்து கண்டுபிடிக்கிறவரைக்கும் சத்தமே போடக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன். மூச்சு முட்டினாக்கூட கூப்பிட மாட்டான். நான் சொன்னா கேட்பான், அவன் நான் சொன்னா கேட்பான்..."

சாவி யார் கைக்கு வந்தது, யார் கதவைத் திறந்தது என்பதெல்லாம் குச்சிக்குப் பிற்பாடு ஞாபகமில்லை. பட்டுக் கொட்டகை, பின்கதவு, சந்து, தையல்காரம்மா வீடு. உள்ளே வெட்டின துணிகளின் தூசு வெளிச்சக் கோட்டில் மிதந்தது. நல்ல நெஞ்சுக்கே இருமல் வரும். ஓர் ஓரமாகத் தட்டில் பிஸ்கட்டும் தண்ணீரும், விரித்த போர்வையும். போர்வையில் யாரும் இல்லை.

"உருண்டை! அம்மாடா! வெளியே வாடா!"

பதில் இல்லை. தகப்பன் கதவுகளைத் திறந்து திறந்து பார்த்தான். தாய் கட்டிலடியில் குனிந்தாள். கண்ணாடியம்மா விரலை உதட்டில் வைத்து எல்லாரையும் நிறுத்தினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள்.

அடுப்பில் வைத்த பாத்திரம் மெல்ல விசிலடிப்பதுபோல் ஒரு சத்தம். நின்றது. மறுபடி கேட்டது. சுவரோரம் அடுக்கியிருந்த துணிக்கட்டுகளுக்கும் வெட்டும் மேஜைக்கும் நடுவிலிருந்து வந்தது.

ஒரு குழந்தை மட்டும் நுழையக்கூடிய சந்து அது. தகப்பன் தோளைக் கொடுத்துப் பார்த்தான், நுழையவில்லை. மேஜையை இழுத்தால் கட்டுகள் குழந்தைமேல் சரியும். குச்சி யாரையும் கேட்கவில்லை. சட்டைப்பையில் இன்ஹேலரைச் செருகிக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை எக்கி உள்ளே போனான். ஒல்லியாகப் பிறந்ததற்கு அவன் ஆண்டவனுக்கு நன்றி சொன்னது அன்றைக்குத்தான்.

மூலையில் குந்தியிருந்தான் உருண்டை. உதடு வெளிறி, தோள் தூக்கித் தூக்கி இறங்கியது. ஒரு கையில் யானை. மறு கையில் காலி இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். குச்சியைக் கண்டதும் அதை எடுத்துவிட்டு, விரலை உதட்டில் வைத்தான். சத்தம் போடாதே என்று சொன்னான்.

குச்சிக்குக் கண் நிறைந்துவிட்டது. "விளையாட்டு முடிஞ்சுதுடா ராஜா," என்றான். புது இன்ஹேலரின் சீலைப் பல்லால் கடித்துக் கிழித்து, குழந்தையின் வாயில் வைத்து அழுத்தினான். "இழு. நல்லா இழு. இன்னொண்ணு. அப்படித்தான்."

முதலில் ஒன்றும் மாறவில்லை. வெளியே தாய் என்னவோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்த விசில் சத்தம் கொஞ்சம் தாழ்ந்தது. தோள் மெல்ல அடங்கியது. உருண்டை ஒரு நீண்ட மூச்சை உள்ளே இழுத்து வெளியே விட்டான். இவ்வளவு சாதாரணமான ஒரு காரியத்தைக் குச்சி அதற்கு முன் இத்தனை கவனமாகப் பார்த்ததே இல்லை.

வெளியே தூக்கிக்கொண்டு வந்ததும் தாய் பிடுங்கிக்கொண்டாள். குழந்தை அவள் தோளுக்கு மேலாக வாசலைப் பார்த்தான். அங்கே அத்தை நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வரத் தைரியம் இல்லை.

"அத்தை," என்றான், மூச்சுக்கு நடுவில். "நான் சத்தமே போடல. நான்தானே ஜெயிச்சேன்?"

அவள் அப்படியே நிலைப்படியில் மடங்கி உட்கார்ந்துவிட்டாள்.

போலீஸ் வண்டி பட்டறை முன்னால் வந்து நின்றது. கண்ணாடியம்மா அவர்களிடம் பேசப் போனார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று. தகப்பன் மச்சானிடம் வந்து, அவன் கிழிந்த உதட்டைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

தாய்மாமன் நேராக அத்தையிடம் போய்க் குந்தினான். திட்டப் போகிறான் என்று குச்சி நினைத்தான். திட்டினால் தப்பும் இல்லை. அவள் செய்ததற்கு அவன்தானே அடி வாங்கினான்.

"இனிமே எலுமிச்சம்பழம் வேணாம்க்கா," என்றான் அவன். "சுடுதண்ணியும் வேணாம். சமையல் சோடாவைக் குழைச்சுப் பூசி ஊற வைங்க. தேய்க்காதீங்க, தோல் போயிடும். கொஞ்சம் கொஞ்சமா விட்டுடும்."

அத்தை தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தாள். "உன்னை அடிக்கிறப்ப நான் வாயைத் திறக்கல. அவனை மூச்சு முட்ட வெச்சேன். இந்தக் கையை வெச்சுக்கிட்டு, அவன் ஊருக்குப் போறப்ப நான் எப்படி டாட்டா காட்டுவேன்?"

கேட்டது அவனை. பதில் சொன்னது தாய். குழந்தையை இறுக்கிப் பிடித்தபடி அவளைக் கடந்து போகும்போது நின்றாள். கண்ணில் கோபம் தணியவே இல்லை. தணிய நாளாகும்.

"டாக்டர் பார்த்துட்டு எப்பப் போகலாம்னு சொல்வார். அதுவரைக்கும் இவனை உங்ககிட்ட தனியா விடமாட்டேன் அண்ணி," என்றாள். "ஆனா இவன் போற அன்னிக்கு நீங்க வாசலுக்கு வரணும். அந்தக் கையோடவே வந்து காட்டுங்க. நீங்க வரலைன்னா இவன் வண்டி ஏற மாட்டான்."

அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. உருண்டை தாயின் தோளிலிருந்து கையை நீட்டி, அந்த மெஜந்தா விரல்களில் ஒன்றைப் பிடித்துப் பார்த்தான். தேய்த்துப் பார்த்தான். போகவில்லை என்றதும் சிரித்தான்.

வண்டியில் ஏறியதும் கண்ணாடியம்மா கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றினார். "என்னடா, வழியெல்லாம் பேசிக்கிட்டே வருவியே. ஒண்ணும் இல்லையா இன்னிக்கு?"

குச்சியிடம் ஒரு நல்ல நகைச்சுவை இருந்தது, சந்துக்குள் நுழைந்த ஒல்லியைப் பற்றி. சொல்லலாம் என்று வாயைத் திறந்தான். அந்தக் குழந்தை உதட்டில் விரல் வைத்த விதம் ஞாபகம் வந்தது.

"ஒண்ணும் இல்ல மேடம்," என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.